முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கணக்குகள்: மலையில் வாடகைக்கு வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் ஐப்பசி மழை என்றால் இரவும் பகலும் விடாது. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து 17 நாள் ஆகியிருந்தது. காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. மழைதானே, எங்கேயோ மரம் விழுந்திருக்கும் என்று நினைத்தோம். எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் லைன்மேன் எங்கள் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார்.

"லிஸ்ட்ல நம்பர் வந்துடுச்சுங்க. கட்டிட்டு ரசீதைக் காட்டுங்க, உடனே போட்டுடறேன்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

பாக்கி எங்களுடையது இல்லை, எங்களுக்கு முன் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. பில் வந்த குறுஞ்செய்தி எல்லாம் அவருடைய கைப்பேசிக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் ஊர் மாறிவிட்டார். வீட்டுக்கார அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார். நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஒரு மாதத்தில் கரண்ட், கேஸ், நெட், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பழைய கணக்குகளை அவிழ்த்தோம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வேலைக்காகவோ படிப்புக்காகவோ வாடகைக்கு வருகிற யாரும் அப்படி இருட்டில் உட்காரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வீட்டில் இருக்கும் இணைப்புகள் இரண்டு வகை. வீட்டோடு ஒட்டியவை ஒன்று, ஆளோடு ஒட்டியவை இன்னொன்று.

மின்சாரமும் தண்ணீரும் வீட்டோடு ஒட்டியவை. யார் குடியிருந்தாலும் இணைப்பு அதேதான், பாக்கியும் அதன் தலையிலேயே நிற்கும். "நான் புதிதாக வந்தேன்" என்று சொன்னால் மீட்டருக்குத் தெரியாது. கேஸ், இன்டர்நெட், டிடிஎச் மூன்றும் ஆளோடு ஒட்டியவை. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. அவர் விட்டுப்போன சிலிண்டரோ மோடமோ உங்கள் வீட்டில் கிடந்தாலும் அது உங்களுடையது ஆகாது, அதன் பாக்கியும் உங்களுடையது ஆகாது.

முதல் வகையில் பாக்கி இல்லாமல் வாங்க வேண்டும். இரண்டாம் வகையில் கை வைக்காமல் இருக்க வேண்டும். குழப்பம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் வருகிறது: கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டு, பழைய சிலிண்டரை எடுத்து அடுப்பில் மாட்டிவிடுகிறோம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: மின்சாரம்

வீடு பார்க்கப் போகும்போதே மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும், ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையிலும் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். அந்த எண் கையில் இருந்தால் மின்வாரிய இணையதளத்திலோ, பணம் கட்டும் கைப்பேசிச் செயலியிலோ போட்டுப் பாக்கி எவ்வளவு என்று அங்கேயே பார்த்துவிடலாம். மின்வாரியத்தின் விநியோகப் பிரிவுக்கு இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். பெயர் மாறினாலும் எல்லோரும் ஈபி என்றுதான் சொல்கிறோம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். செயலி காட்டுவது ஏற்கெனவே போட்ட பில்லை மட்டும்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள். முந்தையவர் கடைசி ரீடிங்குக்குப் பிறகு ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டுக் காலி செய்திருந்தால், செயலியில் "பாக்கி இல்லை" என்றே வரும். அந்த ஒன்றரை மாதம் உங்கள் முதல் பில்லில் வந்து விழும். அதனால் கடைசி ரீடிங் எவ்வளவு, இன்று மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே பில்லில் கட்டண வகையும் இருக்கும். வீட்டு உபயோகம் என்றால் 1-ஏ. மலையில் நிறைய வீடுகளைச் சீசனுக்குக் காட்டேஜாக ஓட்டிவிட்டுப் பிறகு வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி ஓடிய வீட்டின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கலாம். அதில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கிடையாது, யூனிட் விலையும் அதிகம். வகையை மாற்ற உரிமையாளர்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். முன்பே கேளுங்கள்.

சாவி வாங்கும் நாள்: மீட்டரும் வெள்ளை அட்டையும்

இந்த நாள்தான் முக்கியம். சாமான் இறக்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மலை வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் வெளிச்சுவரில் இருக்கும். பெட்டியின் கண்ணாடி பனியில் மங்கி, ஓரத்தில் பாசி பிடித்திருக்கும். ஒரு துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எண் தெரியும். மின்னணு மீட்டரில் தேதி, நேரம், வோல்ட் என்று எண்கள் மாறி மாறி ஓடும். கிலோவாட் மணி என்ற குறி பக்கத்தில் வரும் எண்தான் யூனிட். அது வரும்வரை காத்திருந்து, மீட்டரின் தொடர் எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அந்தப் படத்தை உடனே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்று காலை 10 மணிக்கு ரீடிங் இது, இதற்கு மேல் ஓடுவது எங்களுடையது" என்று எழுதுங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டால் அந்த ஒரு வார்த்தை போதும்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. வீட்டுக்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மின்சாரம் செலவாகும்போது சிமிட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று அதில் இருக்கும். மெயினை அணைத்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், வேறு யாரோ உங்கள் மீட்டரில் ஓடுகிறார்கள் என்று அர்த்தம். பழைய பங்களாவை இரண்டு மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட இடங்களில் இது சாதாரணம். எங்கள் வீட்டில் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எங்கள் மீட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சப் மீட்டர் (ஒரே இணைப்பிலிருந்து பிரித்த பகுதிக்கு வீட்டுக்காரர் வைக்கும் தனி மீட்டர்) உள்ள வீடு என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதையும் அன்றே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அசெசர் வந்து தேதி, ரீடிங், தொகை எழுதும் அட்டை அது. தொலைந்துவிட்டது என்றால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் புதியது கேட்கலாம். மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

முதல் வாரம்: கைப்பேசி எண்ணும் ஆதாரும்

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். இணைப்பில் யாருடைய கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் பில் செய்தி போகும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். அசெசர் வந்தபோது நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் மின்வாரிய இணையதளத்திலோ பிரிவு அலுவலகத்திலோ உங்கள் எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் தன் எண்தான் இருக்க வேண்டும் என்றால் அதுவும் சரி, முந்தையவருடையது மட்டும் இருக்கக்கூடாது.

இன்னொன்று ஆதார். 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைத்தோமே, அப்போது "வாடகைதாரர்" என்ற தேர்வும் இருந்தது. உங்கள் வீட்டு இணைப்பில் எப்போதோ குடியிருந்த ஒருவரின் ஆதார் இன்னும் இருக்கலாம். வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதத்தோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வாடகைக்கு இருப்பவருக்கு அது தேவையில்லை. வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும், கட்டிய ரசீது உங்களிடம் இருந்தால் போதும்.

முதல் பில்லைப் பிரிப்பது எப்படி

நீங்கள் நடுவில் வந்திருப்பீர்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். போன ரீடிங்கிலிருந்து நீங்கள் வந்த நாள்வரை முந்தையவர் 140 யூனிட், அதன் பிறகு நீங்கள் 80 யூனிட். மொத்தம் 220. பில் 330 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குச் சராசரி ஒன்றரை ரூபாய். உங்கள் பங்கு 120 ரூபாய், அவருடையது 210 ரூபாய்.

சிலர் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள். "இலவச யூனிட்டை முன்னால் இருந்தவர் ஓட்டிவிட்டார், மேலே வந்ததெல்லாம் நீங்கள்தான்" என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இலவசம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அந்த இணைப்புக்குக் கொடுப்பது, முதலில் வந்தவருக்கு மட்டும் இல்லை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து பில் சட்டென்று எகிறும். கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடுகிற மார்கழி, தை மாதங்களில் மலையில் இது சுலபமாக நடக்கும். அப்போதும் யூனிட் விகிதப்படி பிரிப்பதுதான் நியாயம்.

ஃபியூஸ் பிடுங்கிவிட்டால்

லைன்மேனிடம் வாதாடாதீர்கள். அவர் கையில் இருப்பது பட்டியல் மட்டும்தான். பாக்கி சிறிய தொகையாக இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள், தாமதக் கட்டணமும் மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்து வரும். கட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அதையே எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாலை நாலு மணிக்கு விளக்கு வந்தது. மறுமாத வாடகையில் கழித்தோம், அந்த அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை.

பெரிய தொகை என்றால் கட்டாதீர்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் குடிவந்த நாளின் மீட்டர் படத்தையும் எடுத்துப் போங்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, துண்டிப்பதற்கு முன் 15 முழு நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு யாருக்குப் போனது என்று கேளுங்கள். ஆனால் "பாக்கி என்னுடையது இல்லை, அதனால் கரண்ட் கொடுங்கள்" என்பது மட்டும் எடுபடாது. விநியோக விதிகளில் இடம் இருந்தால் ஒரு கட்டடத்தின் பழைய பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தத் தொகையை வீட்டுக்காரர்தான் தீர்க்க வேண்டும், பிறகு அவர் முந்தையவரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

தகராறில் வீட்டுக்காரரே கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால் அது வேறு விஷயம். 2017-ம் ஆண்டு இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அதற்கு ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும் பதிவாகியிருப்பதும் முக்கியம்.

மின்சாரம் பற்றிய எந்தப் புகாருக்கும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. "இன்று இரவு கரண்ட் கட்டாகும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வரும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள், அது மோசடி. பழைய பாக்கி இருக்குமோ என்ற பயத்தில் இருக்கும் புதுக் குடித்தனக்காரர்தான் அதில் சீக்கிரம் ஏமாறுவார்.

கேஸ்: பழைய சிலிண்டரைத் தொடாதீர்கள்

சமையலறை மூலையில் ஒரு சிலிண்டரும் ரெகுலேட்டரும் கிடக்கும். வீட்டுக்காரரும் "அதையே வெச்சுக்கங்க" என்பார். வேண்டாம். அந்த இணைப்பு வேறொருவர் பெயரில் இருக்கிறது. புக்கிங் அவர் எண்ணில்தான் செய்ய முடியும், டெலிவரியின்போது சொல்ல வேண்டிய எண்ணும் அவருக்குத்தான் போகும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்குப் போய் நிற்க முடியாது.

முந்தையவரிடம் பேசி, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சரைக் காட்டினால் அவருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும், அதனால் மறுக்கமாட்டார். உங்களுக்கு ஏற்கெனவே சமவெளியில் இணைப்பு இருந்தால், கிளம்பும் முன் அங்கே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கி வாருங்கள். இங்கே உள்ள ஏஜென்சியில் அதைக் கொடுத்தால் புது சிலிண்டர் தருவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் இருக்கிறது. அதை வாங்க முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். மலையில் தள்ளி இருக்கும் ஊர்களுக்கு சிலிண்டர் வண்டி தினமும் வராது. எந்த நாளில் வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்போடு சேர்த்து விட்டுப்போன ரப்பர் டியூபையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் மேலேயே காலாவதி ஆண்டு அச்சடித்திருக்கும், பாருங்கள். குளிருக்காக எல்லா ஜன்னலையும் மூடி வைக்கும் ஊர் இது, கசிவு வந்தால் வெளியே போக வழி இருக்காது. கசிவுக்கு உதவி எண் 1906.

இன்டர்நெட்: சுவரில் தொங்கும் பெட்டி

ஹாலில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஃபைபர் மோடம் அது. சிவப்பு விளக்கு என்றால் கம்பியில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். மரத்துக்கு மரம் கட்டிப் போகும் கம்பியைக் குரங்கு இழுத்திருக்கலாம், கணக்கையே மூடியிருக்கலாம்.

விளக்கு பச்சையாக இருந்து நெட் வேலை செய்தால்தான் ஆபத்து. "இன்னும் ஓடுதே, ஓடட்டும்" என்று தோன்றும். அந்த இணைப்பில் நீங்கள் செய்வதெல்லாம் முந்தையவர் பெயரில் பதிவாகும். அவர் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பார், தெரிந்ததும் கோபம் உங்கள் மேல் வரும். மோடத்தின் பின்புறம் உள்ள தொடர் எண்ணைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, கணக்கை மூடச் சொல்லுங்கள் அல்லது புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. யார் வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு இதில் ஒரு மன உளைச்சல். ஒரு தனியார் நிறுவனத்தின் வசூல் ஆட்கள் முந்தையவரின் பாக்கியைக் கேட்டு மூன்று முறை வாசலுக்கு வந்தார்கள். புது இணைப்பு கேட்டபோது, இந்த முகவரியில் பாக்கி இருக்கிறது, தர முடியாது என்றார்கள். வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை இணைத்து, "இந்தத் தேதிக்குப் பிறகுதான் நாங்கள் குடிவந்தோம், இந்தக் கணக்கோடு எங்களுக்குத் தொடர்பு இல்லை, எதன் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பினோம். புகார் எண் வாங்கினோம். ஒன்பதாம் நாள் இணைப்பு வந்தது. பதில் வராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி அப்படி ஒரு அதிகாரி இருந்தாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம்.

புது இணைப்பு எடுக்கும்போது பக்கத்து வீட்டில் எது ஒழுங்காக ஓடுகிறது என்று கேட்டு அதையே எடுங்கள். மலையில் விளம்பரத்தைவிட அந்த வார்த்தைதான் சரி. காற்று வழியாக வரும் ஏர்ஃபைபர் வகை என்றால் டவரை எந்த மேடு மறைக்கிறது என்பதைப் பொறுத்தது, ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பணம் கட்டாதீர்கள். வீடுவரை இழுத்த பழைய கம்பி நல்ல நிலையில் இருந்தால், அதே நிறுவனம் என்றால் அதையே பயன்படுத்த முடியுமா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

தண்ணீர், டிவி, தபால்

நகராட்சி எல்லைக்குள் தண்ணீர்க் கட்டணம் வீட்டுக்காரரின் வரி எண்ணில் இருக்கும். கடைசி ரசீதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்பது அதைவிட அவசரம்.

அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் முந்தையவர் விட்டுப் போயிருந்தால் ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுங்கள். கூரையில் இருக்கும் டிடிஎச் கிண்ணத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதை அதன் சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

முந்தையவருக்கு வரும் வங்கிக் கடிதங்களைப் பிரிக்காதீர்கள். "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதி தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிப் போனால் நின்றுவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

இந்த வரிகளை அப்படியே எழுதிக்கொள்ளலாம்: "குடிவந்த தேதியில் மின் மீட்டர் ரீடிங் இவ்வளவு. அதற்கு முந்தைய மின்சாரம், தண்ணீர்ப் பாக்கி முழுவதும் உரிமையாளர் பொறுப்பு. முந்தைய வாடகைதாரரின் பெயரில் உள்ள கேஸ், இன்டர்நெட், கேபிள் கணக்குகளுக்கு இந்த வாடகைதாரர் பொறுப்பல்ல. பழைய பாக்கியை வாடகைதாரர் கட்ட நேர்ந்தால், ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்."

கடைசி வரிக்குத்தான் வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். எங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததும் அதுதான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் காலி செய்யும்போது

வந்த நாளில் செய்த அதே வேலை: மீட்டர் படம், வீட்டுக்காரருக்குச் செய்தி, உங்கள் பங்குத் தொகையை அன்றே கொடுப்பது. மின் இணைப்பிலிருந்து உங்கள் கைப்பேசி எண்ணையும் ஆதாரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கேஸையும் நெட்டையும் மூடிய ரசீதுகளை ஒரு வருடமாவது வைத்திருங்கள். வெள்ளை அட்டையைச் சாமானோடு கட்டிவிடாதீர்கள். கடைசி ரீடிங்கை ஒரு தாளில் எழுதி, கீழே உங்கள் எண்ணையும் போட்டு, அட்டையோடு அதே பிளாஸ்டிக் உறையில் மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.